செரோக்கிகள் காசு கொடுத்து வாங்கிய மலை ஏன் வாஷிங்டன் பேரில் இருக்கிறது?

வட கரோலினா மாநிலத்தின் மேற்குக் கோடியில், கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவின் வாசலிலேயே, செரோக்கி என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. தெருப் பெயர்ப் பலகைகளில் ஆங்கிலத்தோடு செரோக்கி எழுத்தும் இருக்கும். ரோந்து சுற்றுவது பழங்குடி அரசின் போலீஸ். கோர்ட்டும் தனி. கஞ்சா விற்பனைக்கு மாநிலச் சட்டம் தடை போட்டிருக்கிறது, ஆனால் இந்த ஊரில் 2024 முதல் பழங்குடிக்கே சொந்தமான கடையில் அதைச் சட்டப்படி விற்கிறார்கள். இதையெல்லாம் பார்த்துவிட்டு, "பூர்வகுடிகளுக்கு அரசாங்கம் ஒதுக்கிக் கொடுத்த இடம் போல" என்று பயணிகள் முடிவுகட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அமெரிக்காவின் மேற்கில் உள்ள பல ரிசர்வேஷன்களுக்கு அது ஓரளவு பொருந்தும், இங்கே பொருந்தாது. இந்த நிலத்தை யாரும் இவர்களுக்கு ஒதுக்கித் தரவில்லை. தங்களிடமிருந்து பிடுங்கப்பட்ட சொந்த மலையையே செரோக்கிகள் காசு கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள்.

ஆனால் பத்திரத்தைப் பார்த்தால் உரிமையாளர் இடத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகள் என்று இருக்கும். காசு போட்டது ஒருவர், பத்திரம் இன்னொருவர் பேரில். இதற்கு டிரஸ்ட் நிலம் என்று பெயர். அமெரிக்கப் பூர்வகுடிகளைப் பற்றி எதைப் படிக்க ஆரம்பித்தாலும் கொஞ்ச நேரத்தில் இந்த விஷயத்தில் வந்து முட்டிக்கொள்வீர்கள், அதனால் இதை ஒரே ஒரு இடத்தின் கதையாக வைத்துப் புரிந்துகொள்வது நல்லது என்று எனக்குப் படுகிறது. அதற்கு ஸ்மோக்கி மலையை விடப் பொருத்தமான இடம் இல்லை.

முதலில் அந்த மலைப்பகுதியின் வரைபடத்தை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். டென்னசி, வட கரோலினா எல்லையில் 5 லட்சம் ஏக்கருக்கு மேல் தேசியப் பூங்கா, அதை நடத்துவது உள்துறை அமைச்சகத்தின் கீழ் உள்ள பூங்காத் துறை. அதற்குத் தெற்கே நான்டஹேலா தேசியக் காடு, கிழக்கே பிஸ்கா தேசியக் காடு, இரண்டும் விவசாய அமைச்சகத்தின் கீழ் வரும் வனத்துறையிடம். மலை முகட்டோடு போகும் புளூ ரிட்ஜ் பார்க்வே சாலையும் மத்திய அரசுடையது. ஆறுகளில் அணை கட்டி வைத்திருக்கும் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையமும் மத்திய அரசு நிறுவனம்தான். இத்தனைக்கும் நடுவே சுமார் 56,000 ஏக்கரில் குவாலா பவுண்டரி, அதுதான் மேற்கே போகாமல் இங்கேயே நின்றுவிட்ட கிழக்கு செரோக்கிகளின் மண். எல்லாமே மத்திய அரசு பேரில் இருந்தாலும் ஒரு வித்தியாசம் உண்டு. பூங்கா நாட்டு மக்கள் எல்லோருக்கும் பொது. குவாலா பவுண்டரியில் அரசுக்கு இருப்பது பெயரளவு உரிமை மட்டுமே, அனுபவம் முழுக்க பழங்குடிக்கு. அரசு தன் இஷ்டத்துக்கு அதை எடுத்துப் பயன்படுத்தக்கூடாது, பழங்குடியும் அரசின் சம்மதம் இல்லாமல் வெளியாருக்கு விற்க முடியாது.

இப்படி ஓர் ஏற்பாடு ஏன் தேவைப்பட்டது என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

செரோக்கிகள் தெற்கு அப்பலாச்சியன் மலைகளின் மக்கள். இன்றைய வட கரோலினா, தென் கரோலினா, ஜார்ஜியா, டென்னசி, அலபாமா ஆகிய மாநிலங்கள் சந்திக்கும் பகுதி முழுக்க ஆற்றங்கரைகளில் அவர்கள் ஊர்கள் இருந்தன. ஏழு குலங்கள், குலம் தாய்வழியில் வரும். வயலும் வீடும் பெண்கள் கையில். இப்போது பிரைசன் சிட்டி என்று இருக்கும் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் கிட்டுவா என்ற மேட்டைத் தங்கள் தாய் ஊர் என்கிறார்கள். நிலம் ஊருக்குப் பொது, உழுகிறவருக்கு உழும்வரை உரிமை, அவ்வளவுதான். தனியாள் பத்திரம் எழுதி விற்கும் பழக்கம் அங்கே இல்லை.

அமெரிக்க சுதந்திரப் போரில் செரோக்கிகளில் பலர் பிரிட்டிஷ் பக்கம் நின்றார்கள், அதற்குப் பதிலடியாக 1776இல் ரதர்ஃபோர்ட் என்ற தளபதியின் படை வட கரோலினா மலைகளுக்குள் புகுந்து 30க்கும் மேற்பட்ட ஊர்களையும் விளைந்து நின்ற சோளத்தையும் எரித்துவிட்டுப் போனது. நாடு உருவான பிறகு 1785இல் ஹோப்வெல் ஒப்பந்தம், 1791இல் ஹோல்ஸ்டன் ஒப்பந்தம், அப்புறம் வரிசையாக இன்னும் பல. ஒவ்வொன்றிலும் "இனி இதுதான் எல்லை" என்று ஒரு கோடு போடுவார்கள், குடியேறிகள் அந்தக் கோட்டைத் தாண்டி வந்து உட்காருவார்கள், அவர்களை எழுப்பி அனுப்புவதற்குப் பதிலாக அடுத்த ஒப்பந்தம் வரும்.

1819 ஒப்பந்தம் மட்டும் நம் கதைக்கு ரொம்ப முக்கியம். அதில் வட கரோலினாவின் பெரும்பகுதி நிலத்தை செரோக்கி தேசம் இழந்தது. ஆனால் அதிலேயே ஒரு ஷரத்து இருந்தது: விட்டுக்கொடுத்த பகுதியிலேயே தங்க விரும்பும் குடும்பத் தலைவர்கள் அமெரிக்கக் குடிமக்களாகி, தலைக்கு 640 ஏக்கர் வைத்துக்கொள்ளலாம். யோனகுஸ்கா என்ற தலைவரும் இன்னும் சில குடும்பங்களும் அப்படித் தங்கினார்கள். மாநில அரசோ அதே நிலங்களை வெள்ளையர்களுக்கு விற்றுவிட்டது. யூச்செல்லா என்பவர் வழக்குப் போட்டு 1824இல் வட கரோலினா உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார், அப்படியும் நிலம் திரும்பக் கிடைக்கவில்லை, மாநிலம் பணம் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொண்டது. ஆனாலும் ஒரு விஷயம் நின்றது. ஓகோனலுஃப்டி ஆற்றை ஒட்டி வாழ்ந்த இந்தச் சிறு கூட்டம் அப்போதிலிருந்தே செரோக்கி தேசத்தின் எல்லைக்கு வெளியே, தனியாக, மாநிலத்துக்குள் இருந்தது. இருபது வருடம் கழித்து அதுதான் அவர்களைக் காப்பாற்றியது.

இதற்கிடையில் எல்லைக்குள் இருந்த செரோக்கி தேசம் செய்து காட்டிய வேலையை நினைத்தால் இப்போதும் பிரமிப்பாக இருக்கிறது. ஆங்கிலம் எழுதப் படிக்கத் தெரியாத சீக்வோயா, தன் மொழிக்குத் தானே எழுத்து கண்டுபிடித்து 1821இல் கொண்டுவந்தார். ஒவ்வொரு அசைக்கும் ஓர் எழுத்து, மொத்தம் எண்பத்துச் சொச்சம். சில வருடங்களில் மக்கள் அதில் கடிதம் எழுதிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள். 1827இல் அரசியல் சாசனம் எழுதினார்கள். 1828இல் நியூ எச்சோட்டா என்ற தலைநகரிலிருந்து இரண்டு மொழியில் பத்திரிகை வந்தது. கிட்டத்தட்ட அதே சமயத்தில் ஜார்ஜியா மலைகளில் தங்கம் கிடைத்தது, அதோடு பொறுமை போயிற்று ஜார்ஜியாவுக்கு. 1830 மே மாதம் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன் பூர்வகுடிகளை மிசிசிப்பிக்கு மேற்கே அனுப்பும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.

செரோக்கிகள் ஆயுதம் எடுக்கவில்லை, கோர்ட்டுக்குப் போனார்கள். அந்த இரண்டு வழக்குகள் இன்றைக்கும் அமெரிக்கப் பூர்வகுடிச் சட்டத்தின் அஸ்திவாரம். 1831 தீர்ப்பில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், செரோக்கிகள் வெளிநாடும் இல்லை, மாநிலமும் இல்லை, அமெரிக்காவுக்குள் இருக்கும் சார்பு தேசம் என்றார். அவர்களுக்கும் மத்திய அரசுக்கும் உள்ள உறவு மைனருக்கும் கார்டியனுக்கும் உள்ளதைப் போன்றது என்றும் எழுதினார். டிரஸ்ட் நிலம் என்ற யோசனைக்கு வேர் அந்த வரிதான். அடுத்த வருடம் வந்த தீர்ப்பில், செரோக்கி மண்ணில் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது, பேசுவதாக இருந்தால் மத்திய அரசுதான் பேச வேண்டும் என்று சொன்னார். சட்டப்படி செரோக்கிகள் ஜெயித்துவிட்டார்கள். தீர்ப்பை நடைமுறைப்படுத்த வேண்டிய ஜாக்சன் அசையவே இல்லை. கார்டியன் என்று கோர்ட்டால் சொல்லப்பட்ட அதே அரசுதான் அடுத்த ஆறு வருடத்தில் வீட்டை விட்டுத் துரத்தியது.

1835 டிசம்பர் 29 அன்று, தலைவர் ஜான் ராஸின் சம்மதம் இல்லாமல், ஒரு சிறு குழு மட்டும் நியூ எச்சோட்டாவில் 50 லட்சம் டாலருக்குக் கிழக்கு நிலம் முழுவதையும் எழுதிக் கொடுத்தது. இது எங்கள் ஒப்பந்தம் இல்லை என்று 15,000க்கும் மேற்பட்டவர்களின் பெயரோடு மனு போனது. செனட்டில் தேவையான மூன்றில் இரண்டு பங்கு ஆதரவை ஒரே ஒரு ஓட்டில் எட்டி ஒப்பந்தம் நிறைவேறியது. 1838 மே மாதம் ஜெனரல் வின்ஃபீல்ட் ஸ்காட் ஏழாயிரம் வீரர்களோடு வந்தார். வட கரோலினா மலைகளில் பிடிபட்டவர்களை மர்ஃபி என்ற ஊரில் இருந்த பட்லர் கோட்டையில் சேர்த்து, அங்கிருந்து மலை தாண்டி டென்னசி முகாம்களுக்கு நடத்திக் கொண்டுபோனார்கள். அந்த வருடம் கடும் வறட்சி, முகாமில் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும். அப்புறம் குளிர்காலத்தில் ஆயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் இருந்த இன்றைய ஓக்லஹோமாவுக்குப் பயணம். புறப்பட்ட சுமார் 16,000 பேரில் ஏறக்குறைய 4,000 பேர் செத்துப்போனதாகக் கணக்கு. கண்ணீர்ப் பாதை என்று உலகம் முழுக்கத் தெரிந்தது இதுதான்.

பெரும்பாலான கட்டுரைகள் இந்த இடத்தில் முடிந்துவிடும், செரோக்கி என்றால் ஓக்லஹோமா என்று ஆகிவிடும். போகாமல் நின்றவர்களின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

யோனகுஸ்காவின் கூட்டம் நாங்கள் தேசத்தின் எல்லைக்குள் இல்லை, ஒப்பந்தம் எங்களைக் கட்டாது என்று வாதாடித் தப்பித்தது. வேறு சிலர் காட்டுக்குள் ஒளிந்துகொண்டார்கள், பட்டினியில் பலர் இறந்தார்கள். ட்சாலி என்ற வயதான விவசாயியின் குடும்பத்தைப் பிடித்துக்கொண்டு வரும்போது கைகலப்பில் இரண்டு சிப்பாய்கள் செத்தார்கள். ராணுவம் தேடியது, முன்பு வழக்கில் ஜெயித்த அந்த யூச்செல்லாவின் ஆட்கள் உட்பட செரோக்கிகளும் தேடலில் சேர்ந்தார்கள், 1838 நவம்பரில் ட்சாலியைச் சுட்டுக் கொன்றார்கள், சுட்டதும் செரோக்கிகளே. அதன்பின் யூச்செல்லா கூட்டத்தைத் தங்க அனுமதித்தார்கள். மற்றவர்கள் இருக்கட்டும் என்று ட்சாலி தானாக வந்து சரணடைந்து உயிர் கொடுத்தார் என்று ஊரில் ஒரு கதை உண்டு, 1950 முதல் கோடை காலத்தில் நடக்கும் திறந்தவெளி நாடகம் அதை நாடெங்கும் பரப்பியது. ராணுவ ஆவணங்கள் சொல்வது அப்படி இல்லை, அவர் பிடிபட்டவர். எனக்கு அந்த ஆவணக் கதையே கனமாகத் தெரிகிறது, தப்பிப் பிழைக்க ஒரு சமூகம் என்ன விலை கொடுக்க வைக்கப்பட்டது என்பதை அது மறைக்கவில்லை.

ஜுனலுஸ்காவையும் சொல்லியாக வேண்டும். 1814இல் ஹார்ஸ்ஷூ பெண்ட் போரில் ஜாக்சனோடு சேர்ந்து சண்டை போட்டவர், அதே ஜாக்சன் போட்ட சட்டத்தால் மேற்கே கொண்டுபோகப்பட்டவர். சில வருடங்களில் திரும்பி நடந்தே வந்துவிட்டார். 1847இல் வட கரோலினா அவருக்குக் குடியுரிமையும் 337 ஏக்கரும் கொடுத்தது, ராபின்ஸ்வில்லில் அவர் கல்லறை இருக்கிறது.

இப்படி எல்லோருமாகச் சேர்த்து வட கரோலினாவில் மிஞ்சியவர்கள் சுமார் ஆயிரம் பேர். தங்க அனுமதி கிடைத்தது, தங்க நிலம்? சொந்தப் பெயரில் வாங்கினால் அது கோர்ட்டில் நிற்குமா என்பதே சந்தேகம், ஏனென்றால் அவர்கள் குடிமக்களா இல்லையா என்று மாநிலம் தெளிவாகச் சொல்லவே இல்லை. அப்போதுதான் வில்லியம் ஹாலண்ட் தாமஸ் வருகிறார். சிறுவனாக ஒரு வணிகக் கடையில் வேலைக்கு வந்து, செரோக்கி மொழி கற்று, யோனகுஸ்காவால் மகனாகத் தத்தெடுக்கப்பட்ட வெள்ளையர். 1839இல் யோனகுஸ்கா இறந்தபின் கூட்டத்துக்குத் தலைவர் ஆனார், பின்னால் மாநில செனட்டராகவும் இருந்தார். செரோக்கிகள் சேர்த்த காசு, வாஷிங்டனிடமிருந்து அவர்களுக்கு வர வேண்டிய காசு, தன் காசு, கடன் வாங்கிய காசு எல்லாவற்றையும் போட்டுத் துண்டு துண்டாக நிலம் வாங்கினார். பத்திரம் எல்லாம் தாமஸ் பேரில்.

அந்த ஒரு விஷயம்தான் பின்னால் கழுத்தைப் பிடித்தது. உள்நாட்டுப் போரில் தாமஸ் தெற்குத் தரப்புக்குப் படை திரட்டினார், செரோக்கிகள் பலரும் அதில் சேர்ந்தார்கள். போர் முடிந்தபோது தாமஸ் கடனில் மூழ்கியிருந்தார், மனநலமும் கெட்டுப்போனது. கடன்காரர்கள் கோர்ட்டுக்குப் போய் அவர் பேரில் இருந்த சொத்தையெல்லாம் ஏலத்தில் எடுக்கப் பார்த்தார்கள். அதாவது, முப்பது வருடமாகக் காசு கட்டி, காடு திருத்தி, வீடு கட்டி, சோளம் விதைத்துக்கொண்டிருந்த மக்கள், யாரோ ஒருவர் வாங்கிய கடனுக்கு மறுபடியும் வெளியேற வேண்டிய நிலை.

இந்தத் தடவை மத்திய அரசு இவர்கள் பக்கம் நின்றது. 1868இல் இவர்களைத் தனிப் பழங்குடியாக அங்கீகரித்தது, 1870இல் வழக்குப் போட நாடாளுமன்றம் வழி செய்தது. 1874இல் நடுவர் குழு, குவாலா நிலம் செரோக்கிகள் காசில் வாங்கப்பட்டது, மிச்சம் இருக்கும் சிறு தொகையைக் கட்டினால் அவர்களுடையது என்று தீர்ப்புச் சொன்னது. 1876இல் அளந்து எல்லை போட்டார்கள், குவாலா பவுண்டரி என்ற வடிவம் அப்போது வந்ததுதான். தனியாள் பேரில் பத்திரம் இருந்தால் என்ன ஆகும் என்று பட்டுத் தெரிந்துகொண்டதால், இனி யார் கடனுக்கும் ஏலம் போகாத ஒருவர் பேரில் அது இருக்க வேண்டும் என்ற யோசனைக்கு வலு வந்தது.

அது சட்டப்படி முழுமையாவதற்குள் அரை நூற்றாண்டு போய்விட்டது. 1889இல் வட கரோலினா இவர்களை ஒரு கார்ப்பரேஷனாகப் பதிவு செய்தது, அதனால் வழக்குப் போடவும் ஒப்பந்தம் எழுதவும் முடிந்தது. பிறகு 1924இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. அதன்படி நிலம் முழுவதும் மத்திய அரசு பேரில் டிரஸ்டாக மாற்றப்படும், ஆனால் அது தற்காலிகம்தான், பிறகு அதைத் துண்டு போட்டு ஆளுக்கு ஒரு பங்காகக் கொடுத்துவிட வேண்டும். ஓக்லஹோமாவில் செரோக்கி தேசத்தின் பொது நிலத்தை இப்படித்தான் பிரித்துக் கொடுத்தார்கள், கையில் பத்திரம் வந்த சில வருடங்களில் வரி, கடன், ஏமாற்று என்று பெரும்பகுதி வெளியாள் கைக்குப் போய்விட்டது. இங்கே பங்கு போடுவதற்காக பேக்கர் பட்டியல் என்று ஒரு பெயர்ப் பட்டியல் தயாரித்தார்கள், பங்கு கிடைக்கும் என்றதும் சம்பந்தமில்லாதவர்களும் பெயர் கொடுக்க, பழங்குடிக் கவுன்சில் எதிர்க்க, தகராறு இழுத்துக்கொண்டே போனது. 1934இல் மத்திய அரசின் கொள்கையே மாறிவிட்டது, பங்கு போடுவது நின்றது. டிரஸ்ட் மட்டும் தங்கிவிட்டது. இன்றைக்கும் கிழக்கு செரோக்கிப் பழங்குடியில் உறுப்பினராக வேண்டுமானால் அந்தப் பேக்கர் பட்டியலில் முன்னோர் ஒருவர் இருக்க வேண்டும், பதினாறில் ஒரு பங்கு ரத்த வழியும் வேண்டும்.

சரி, அங்கே வீடு கட்டுவது எப்படி? உறுப்பினர் குடும்பங்களுக்கு நிலத்தில் அனுபவ உரிமை உண்டு. அதைப் பிள்ளைக்குக் கொடுக்கலாம், இன்னொரு உறுப்பினருக்கு விற்கலாம், கவுன்சில் ஒப்புதல் வேண்டும். செரோக்கி அல்லாதவருக்கு விற்க முடியாது. வங்கியில் அடமானம் வைப்பதும் கஷ்டம், கடன் கட்டாவிட்டால் வங்கி நிலத்தை ஜப்தி செய்ய முடியாதே. நிலத்தைக் காப்பாற்றும் அதே பூட்டு, வீட்டுக்கடனையும் பூட்டி வைத்தது. 1992இல் பூர்வகுடிகளுக்காக மத்திய அரசே உத்தரவாதம் தரும் ஒரு வீட்டுக்கடன் திட்டம் வந்தது இதனால்தான்.

கார்டியன் வேலையின் மோசமான பக்கமும் உண்டு. 1880களில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் தொடங்கி, பிறகு மத்திய அரசு எடுத்து நடத்திய உண்டு உறைவிடப் பள்ளியில் பிள்ளைகள் செரோக்கி பேசினால் தண்டனை. வாயைச் சோப்பு போட்டுக் கழுவினார்கள் என்று அங்கே படித்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தலைமுறை வளர்ந்து பெற்றோர் ஆனபோது, தங்கள் பிள்ளைகளுக்கு அடி விழக்கூடாது என்று வீட்டிலேயே மொழியை நிறுத்திக்கொண்டார்கள். 2019இல் மூன்று செரோக்கிப் பழங்குடி அரசுகளும் (ஓக்லஹோமாவில் இரண்டு, இங்கே ஒன்று) சேர்ந்து மொழிக்கு அவசரநிலை அறிவிக்கும் நிலைமை வந்ததற்கு இந்தப் பள்ளி ஒரு நேரடிக் காரணம். 1924இல் பூர்வகுடிகள் எல்லோரும் குடிமக்கள் என்று சட்டம் வந்தும், உள்ளூர்த் தேர்தல் அதிகாரிகள் இவர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்க மறுத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் சண்டை போட்டுத் திரும்பியவர்கள் வந்து வாதாடிய பிறகுதான் அது மாறியது.

இப்போது பூங்காவுக்கு வருவோம். மர வியாபாரக் கம்பெனிகள் மலையை மொட்டையடித்துக்கொண்டிருந்த காலத்தில், 1911இல் வந்த வீக்ஸ் சட்டம் கிழக்கு மாநிலங்களில் காடுகளை விலைக்கு வாங்க மத்திய அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. பிஸ்காவும் நான்டஹேலாவும் அப்படி வந்தவை. ஸ்மோக்கி பூங்காவை 1926இல் நாடாளுமன்றம் அனுமதித்தது, 1934இல் அமைந்தது. மாநிலங்கள் பணம் திரட்டி நிலம் வாங்கி மத்திய அரசிடம் ஒப்படைத்தன, ராக்கஃபெல்லர் குடும்பம் 50 லட்சம் டாலர் கொடுத்தது. 1,200க்கும் மேற்பட்ட நில உரிமையாளர்கள் விற்றுவிட்டுப் போக வேண்டியிருந்தது, கேட்ஸ் கோவ், கேட்டலூச்சி போன்ற பள்ளத்தாக்குகளில் இன்று காலியாக நிற்கும் மரவீடுகள் அவர்களுடையவை. அவர்களில் பலரின் பாட்டன் பூட்டன்கள் செரோக்கிகள் காலி செய்த மண்ணில் வந்து குடியேறியவர்கள். நூறு வருடத்துக்குள் அதே மலையில் இரண்டாவது வெளியேற்றம். இரண்டையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன், ஒன்றில் துப்பாக்கி, இன்னொன்றில் செக். ஆனால் மலைக்காரர்களுக்கு மத்திய அரசு மேல் இன்றைக்கும் இருக்கும் சந்தேகம் எங்கிருந்து வருகிறது என்று புரிய இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த 1930களில்தான் செரோக்கிகள் மத்திய அரசோடு மோதி ஜெயித்த ஒரு சம்பவம் நடந்தது, இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. புளூ ரிட்ஜ் பார்க்வேயை குவாலா பவுண்டரிக்குள் சோக்கோ பள்ளத்தாக்கு வழியாகக் கொண்டுபோகத் திட்டம். பார்க்வே சாதாரண ரோடு கிடையாது. இரண்டு பக்கமும் அகலமான நிலம் அதற்கே போய்விடும், ஓரத்தில் கடை போட முடியாது, நினைத்த இடத்தில் ஏறவும் முடியாது. மலைநாட்டில் உழுவதற்குத் தட்டையான நிலம் பள்ளத்தாக்கில் மட்டும்தான், அதையும் கொடுத்துவிட்டு, வரப்போகும் சுற்றுலாப் பயணிகளிடம் கூடை விற்கும் வழியையும் அடைத்துக்கொள்வதா என்று கேட்டார்கள். அதிகாரிகள் வந்து பேசினார்கள், கவுன்சில் மறுத்தது, விஷயம் நாடாளுமன்றம் வரை போனது. கடைசியில் 1940இல் பார்க்வே முகட்டுக்கு ஏறியது, பள்ளத்தாக்கில் எல்லோரும் கடை வைக்கக்கூடிய சாதாரண நெடுஞ்சாலை வந்தது. இன்று அந்த நெடுஞ்சாலையில் போனால் மோட்டல், கூடைக்கடை, பொம்மைக்கடை எல்லாம் வரிசையாக வரும். பெரிய இறகுக் கிரீடம் வைத்துப் போட்டோவுக்கு நின்றவர்களும் அந்த ரோட்டோரத்தில்தான் நின்றார்கள். அந்தக் கிரீடம் சமவெளிப் பழங்குடிகளுடையது, செரோக்கி வழக்கம் இல்லை, ஆனால் பயணிகள் சினிமாவில் பார்த்ததைத்தான் எதிர்பார்த்தார்கள். உண்மையான கைவேலையைக் காப்பாற்ற 1946இல் கைவினைஞர்கள் கூட்டுறவுச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். ஆற்று நாணலில் இரட்டைப் பின்னலாகப் போடும் கூடையை அங்கே பார்க்கலாம், உள்ளே ஒரு சுவர், வெளியே ஒரு சுவர், நடுவில் வெட்டுத் தெரியாமல் ஒரே பின்னல்.

அணைகளில் அவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. லிட்டில் டென்னசி ஆற்றங்கரையில் சோட்டா, டனாசி என்ற பழைய ஊர்கள் இருந்தன, டென்னசி மாநிலத்தின் பெயரே டனாசியிலிருந்து வந்தது. டெலிக்கோ அணை அவற்றை மூழ்கடிக்கும் என்று தெரிந்து 1979இல் செரோக்கிகள் வழக்குப் போட்டார்கள். முன்னோர் புதைந்திருக்கும் இடம், வழிபாட்டு இடம் என்றார்கள். அதற்கு முந்தைய வருடம் அழியும் நிலையில் இருந்த ஒரு சின்ன மீனுக்காக உச்ச நீதிமன்றம் இதே அணையை நிறுத்தி வைத்திருந்தது, நாடாளுமன்றம் விதிவிலக்குச் சட்டம் போட்டு அதைத் தாண்டியது. செரோக்கிகளின் வழக்கு தோற்றது. அந்த நிலம் அவர்கள் பேரில் இல்லை, டிரஸ்டிலும் இல்லை, அது தோல்விக்கு ஒரு காரணம். 1979 நவம்பரில் மதகு மூடப்பட்டது. சோட்டாவின் ஊர் மன்றம் இருந்த இடத்தை மட்டும் மண் போட்டு உயர்த்தி, எட்டுத் தூண்கள் நட்டு வைத்திருக்கிறார்கள், ஏழு குலத்துக்கு ஏழு, தேசத்துக்கு ஒன்று.

டிரஸ்ட் நிலத்தில் மாநிலச் சட்டம் பெரும்பாலும் செல்லாது என்பதன் பலன் 1990களில் தெரிந்தது. 1988இல் வந்த மத்தியச் சட்டம் பழங்குடிகள் சூதாட்ட விடுதி நடத்த வழி கொடுத்தது, 1997இல் செரோக்கியில் பெரிய கேசினோ திறந்தார்கள். லாபத்தில் பாதி பழங்குடி அரசுக்கு, பாதி வருடத்தில் இரண்டு தவணையாக ஒவ்வொரு உறுப்பினருக்கும், சிறுவர்களின் பங்கு பெரியவர்களாகும் வரை சேமிப்பில். அந்த நேரத்தில் டியூக் பல்கலைக்கழகக் குழு ஒன்று 1993 முதலே இப்பகுதிப் பிள்ளைகளின் மனநலத்தைத் தொடர்ந்து கவனித்துக்கொண்டிருந்தது. கேசினோப் பணத்தால் வறுமையிலிருந்து மேலே வந்த குடும்பங்களின் பிள்ளைகளிடம் நடத்தைக் கோளாறுகள் குறைந்தன என்று 2003இல் எழுதினார்கள், குடும்பத்துக்குக் கையில் பணம் கொடுத்தால் என்ன ஆகும் என்ற விவாதத்தில் அந்த ஆய்வை இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். சூதாட்டப் பணம் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. மருத்துவமனையும் பள்ளியும் மொழி வகுப்பும் அந்தப் பணத்தில் ஓடுவதைப் பார்த்தபின் என்னால் அப்படிச் சுளிக்க முடியவில்லை.

இந்த அதிகாரத்துக்கும் எல்லை உண்டு. கொலை போன்ற பெரிய குற்றம் நடந்தால் 1885 சட்டப்படி மத்திய அரசு விசாரிக்கும். பூர்வகுடி அல்லாத வெளியாள் ஒருவர் உள்ளே வந்து குற்றம் செய்தால், சில விதிவிலக்குகள் தவிர, பழங்குடி கோர்ட் அவரைத் தண்டிக்க முடியாது, 1978 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அப்படி. பள்ளிக்கூடம் கட்டத் தட்டையான நிலம் வேண்டும் என்று பூங்காவோடு 143 ஏக்கரை மாற்றிக்கொள்ள 2003இல் நாடாளுமன்றமே சட்டம் போட வேண்டியிருந்தது, பதிலுக்குப் பழங்குடி பார்க்வே ஓரத்தில் 218 ஏக்கர் கொடுத்தது. சோச்சன் என்ற கீரை வசந்த காலத்தில் பறித்து வதக்கிச் சாப்பிடுவது, தலைமுறை தலைமுறையாக அந்த மலையில் வளர்வது. பூங்கா எல்லைக்குள் அதைப் பறிக்க 2019இல் பூங்காத் துறையோடு ஒப்பந்தம் போட்டு, அனுமதிச் சீட்டு வாங்கித்தான் பறிக்கிறார்கள். 2024 செப்டம்பரில் பூங்காவின் உச்சிச் சிகரம், 6,643 அடி, கிளிங்மன்ஸ் டோம் என்ற பெயரை விட்டுப் பழைய குவோஹிக்குத் திரும்பியது, அதற்கும் கவுன்சில் தீர்மானம் போட்டு மத்தியப் பெயர் வாரியத்திடம் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது.

கிட்டுவா மேடு 19ஆம் நூற்றாண்டிலேயே கையை விட்டுப் போய், பண்ணை நிலமாக உழப்பட்டு, பாதி கரைந்து கிடந்தது. 1996இல் பழங்குடி அரசு அந்த 309 ஏக்கரை விலைக்கு வாங்கியது. வாங்கியும் அது மாநிலச் சட்டத்துக்கும் மாவட்ட வரிக்கும் உட்பட்ட சாதாரண நிலமாகத்தான் இருந்தது. 2010 வாக்கில் மேட்டின் கண்ணெதிரே ஒரு மின்சாரத் துணைநிலையம் வர இருந்தது, போராடி வேறு இடத்துக்கு மாற்ற வைத்தார்கள். இதெல்லாம் ஆன பிறகு, காசு கொடுத்து வாங்கிய தாய் ஊரைத் தாங்களே மனுப் போட்டு மத்திய அரசின் டிரஸ்டில் சேர்த்தார்கள். 1838இல் படை அனுப்பிய அரசிடமே ஏன் போய்க் கொடுக்க வேண்டும் என்று கேட்கத் தோன்றும். தாமஸ் பேரில் இருந்த பத்திரம் ஏலத்துக்குப் போன கதை அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். அமெரிக்கச் சட்டத்தில் ஒரு நிலத்தைக் கடன்காரரும் மாவட்டமும் மாநிலமும் தொட முடியாமல் ஆக்க, இப்போதைக்கு அவர்களுக்கு இருக்கும் வழி இது ஒன்றுதான்.